மருமகன் சட்டை

மூன்று பெண்களும் மூன்று பெட்டிகளும் ஒரே நேரத்தில் நிற்க முடியாத அறை அது. ஒருத்தி குளியலறைக்குள் போனால்தான் இன்னொருத்தி பெட்டியைத் திறக்கலாம். ஹாங்காங்கில் அந்த வாடகைக்கு அவ்வளவுதான் கிடைக்கும். சித்தி மயூரி குளிக்கப் போன நேரம் பார்த்து, பிம் தன் பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சட்டையை வெளியே எடுத்தாள். வெளிர் நீலம், முழுக்கை, காலர் ஓரம் லேசாக நைந்தது.

"கொண்டு வந்தியா?" என்றாள் அம்மா சுமாலி, கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி.

"கொண்டு வந்தேம்மா."

"அவன் போட்ட சட்டைதானே? கடையில புதுசு வாங்கிட்டு வந்துடலயே? புதுசுல ஆள் இருக்க மாட்டான். சாமிக்கு யாருன்னு தெரியாது."

"போட்ட சட்டைதாம்மா."

அது பொய் இல்லை. ஒருவர் போட்ட சட்டைதான். நரோங் போட்டதில்லை, அவ்வளவுதான்.

வாராவாரம் வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இன்று புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்போம்.

சுமாலி நக்கோன் சவானில் மீன் உருண்டைக் கடை வைத்திருப்பவள். நான்கு வருடங்களுக்கு முன்னால், முப்பத்திரண்டு வயதாகியும் மகள் பிம்முக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்ற கவலையில், யாத்திரைக் கும்பல் ஒன்றோடு இதே ஊருக்கு வந்தாள். இங்கே வோங் தாய் சின் கோயிலில் ஜோடி சேர்த்து வைக்கும் சாமி ஒருவர் இருக்கிறார். நம் தாய்லாந்துக்காரர்கள் அவரைச் சந்திரா தாத்தா என்பார்கள். அவர் கையிலிருந்து சிவப்பு நூல் போகும். ஒரு முனையில் ஆண், மறு முனையில் பெண். "எம் பொண்ணுக்கு ஒரு புருஷனைக் காட்டுங்க, ஜோடியாக் கூட்டிட்டு வந்து கும்பிடறேன்" என்று சுமாலி வேண்டிக்கொண்டாள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நரோங் வந்தான்.

அதற்குப் பிறகு சுமாலியின் கடையில் சூப்போடு சந்திரா தாத்தாவின் பெருமையும் சேர்த்தே பரிமாறப்பட்டது. கல்யாணமாகாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த பாதித் தெருவை அவள் ஹாங்காங்குக்கு அனுப்பிவைத்தாள். அத்தனை பேருக்கும் பலித்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். ஆனால் தன் நேர்த்திக்கடனைத் தீர்க்க அவளுக்குத்தான் நேரம் வாய்க்கவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. மீன் அரைக்கும் இயந்திரம் புகைந்தது. மயூரியை நாய் கடித்தது. எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன காரணம் ஒன்றே. தாத்தா ஞாபகப்படுத்துகிறார்.

ஒரு வழியாக இந்த வருடம் டிக்கெட் எடுத்துவிட்டாள். ஜோடியாக வருவதாகத்தான் வாக்கு. ஆனால் ஜோடிதான் கையில் இல்லை. சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு பிம்மும் நரோங்கும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அடிதடி, கூச்சல் எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக நடந்துகொண்டே களைத்துப்போனார்கள். நரோங் தன் துணிமணிகளை ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போனான். பிம் பாங்காக்கிலேயே சின்ன அறை ஒன்றுக்கு மாறிக்கொண்டாள். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? அம்மா தன் வாழ்நாளில் பெருமை பேசியது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். அதுவும் பொய்யாகிவிட்டது என்றால் அவள் எந்த முகத்தோடு கடை திறப்பாள் என்று பிம்முக்குப் பயம். அதனால் "அவருக்கு ராயோங் தொழிற்சாலையில வேலை, லீவு கிடைக்கலம்மா" என்று அள்ளிவிட்டாள். "அப்ப அவன் சட்டை ஒண்ணு எடுத்துட்டு வா" என்றாள் அம்மா. "ஆள் வர முடியலன்னா சட்டை வரலாம். தாத்தா ஏத்துப்பார்."

சட்டைக்கு எங்கே போவது? அலுவலகத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் தன்வா என்று ஒருவர் இருந்தார். பேச்சு குறைவு. புது அறைக்குக் குளிர்பதனப் பெட்டியை மாடி ஏற்ற உதவியவர் அவர்தான். "உங்க பழைய சட்டை ஒண்ணு வேணும், ஒரு வாரத்துல திருப்பித் தந்துடறேன்" என்று பிம் கேட்டபோது ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். மறுநாள் காகிதப் பையில் மடித்துக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிம்முக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு மேல் அவள் எதுவும் யோசிக்கவில்லை என்கிறாள். நாமும் இப்போதைக்கு நம்பிவைப்போம்.

ரயிலிலிருந்து இறங்கி மேலே ஏறினால் நேரே கோயில். வாசலில் காற்றாடி விற்கிறவர்களும் ஊதுவத்தி விற்கிறவர்களும் கையைப் பிடித்து இழுத்தார்கள். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், கொடிகளில் துணி காய்ந்தது. உள்ளே புகை கண்ணைக் கரித்தது. நூறு பேர் மண்டியிட்டு மூங்கில் குச்சிகளைக் குலுக்கிக் குறி கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிய பக்கமெல்லாம் நம்மூர்க் குரல்தான்.

"இது ஹாங்காங்கா, நம்ம சந்தையா?" என்றாள் மயூரி. "அந்தம்மா பிட்சனுலோக் ஊராம். மூணு பொண்ணாம், ஒண்ணுக்கும் ஆகலயாம். நம்ம பிம் கதையைச் சொன்னேங்கா. அப்படியே கண்ணு விரிஞ்சுபோச்சு அவங்களுக்கு."

"என் கதையை எதுக்கு சித்தி?" என்றாள் பிம்.

"நல்லது நடந்தா நாலு பேருக்குச் சொல்லணும். நீ வாயை மூடிக்கிட்டு வா."

சாமி வாசலிலேயே மயூரி ஆரஞ்சுப் பழத்துக்கு விலை பேசி, கிழவி ஒருத்தியிடம் இரண்டு பழம் கூடுதலாக வாங்கினாள். பெரிய மண்டபத்தில் கும்பிட்டு முடித்து, மூவரும் சந்திரா தாத்தா இருக்கும் பக்கம் போனார்கள். தங்க நிறத்தில் நீளத் தாடியோடு நின்றார். இரண்டு பக்கமும் மாப்பிள்ளை, பெண் சிலைகள். இடையில் கட்டியிருந்த கயிற்றில் ஊர் உலகத்துப் பிள்ளைகளின் சிவப்பு நூல்களெல்லாம் தொங்கின. அவற்றில் எத்தனை இப்போதும் ஜோடியாக இருக்கின்றன என்று பிம் நினைத்தாள். நினைத்ததற்கு உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

"சட்டையைக் குடு" என்றாள் அம்மா.

பிம் கொடுத்தாள். அம்மா அதை உதறி, தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். காற்றில் சட்டை ஒல்லியாக ஆடியது.

அப்போதுதான் பிம்முக்கு உறைத்தது. நரோங் வஞ்சகமில்லாமல் வளர்ந்த உடம்புக்காரன். கல்யாணத்தன்று வாடகைக்கு எடுத்த கோட்டு முதுகில் கிழிந்து, அம்மாவே ஊசி நூலோடு ஓடிவந்து தைத்தாள். இந்தச் சட்டைக்குள் நரோங்கின் ஒரு கை போகலாம்.

மயூரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏண்டி, நரோங் ரொம்ப இளைச்சுட்டானா?"

"ஓடறாரு சித்தி. காலையில. தினமும்."

"நரோங்கா? ஓடறானா?"

"டாக்டர் சொன்னாரு."

"அப்படி என்ன ஓட்டம், பாதி ஆளைக் காணோமே."

"சாமி முன்னால நின்னுக்கிட்டு சட்டை அளவு பத்தி என்னடி பேச்சு" என்றாள் அம்மா. "செருப்பைத் தள்ளி விட்டுட்டு போட்டோ எடு. தாத்தா முகம் விழணும்."

பிம் மூச்சு விட்டாள். அம்மா சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, பிம்மின் கை மேல் விரித்து வைத்தாள். சிவப்பு நூலின் ஒரு முனையைப் பிம்மின் மோதிர விரலில் சுற்றினாள். மறு முனையைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானில் முடிந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

சுமாலி சாமியிடம் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். பெயர், வீட்டு எண், தெரு, மாவட்டம், பிறந்த கிழமை எல்லாம் சொல்வாள். கூட்டத்தில் ஆள் மாறிவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். இன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினாள். நக்கோன் சவான், ஆற்றோரத் தெரு, சுமாலி, வியாழக்கிழமை பிறந்தவள். மகள் பிம், ஞாயிற்றுக்கிழமை. வேண்டியது கிடைத்தது, நன்றி சொல்ல வந்திருக்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கணும், கடையை விட்டு வர முடியவில்லை.

சட்டைக்காரன் முறை வந்தபோது குரல் தணிந்துவிட்டது. உதடுகள் மட்டும் அசைந்தன. வெகுநேரம் அசைந்தன. பிம் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தாள். நரோங் என்ற பெயர் கேட்கவில்லை. புகையில் தொண்டை கட்டியிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

முடிந்ததும் அம்மா நூலை நடுவில் அறுத்தாள். ஒரு பாதியைக் கயிற்றில் கட்டினாள். மறு பாதி பொத்தானிலேயே இருந்தது. சட்டையை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிம்மிடம் திருப்பித் தரவில்லை.

இப்போதே சொல்லிவிடலாம் என்று பிம்முக்குத் தோன்றியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கடன் தீர்ந்த முகம் அது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

மத்தியானம் மோங் கோக் சந்தை. வெளிநாடு போய்விட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினால் நம் ஜனங்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மயூரி தெருவின் இந்த முனையில் நுழையும்போதே சட்டைக் கைகளைச் சுருட்டிக்கொண்டாள். கடைக்காரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நம் முகத்தைப் பார்த்ததும் நம் மொழியிலேயே "அழகி, உள்ள வா, குறைச்சுத் தரேன்" என்றார்கள்.

மயூரியும் கடைக்காரியும் கால்குலேட்டரை மாற்றி மாற்றித் தட்டினார்கள். ஒருத்தி தட்டிக் காட்டுவாள், மற்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். பிறகு மயூரி போகிற மாதிரி நடப்பாள். கடைக்காரி கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் அதில் அவ்வளவு சந்தோஷம்.

அம்மா பேரம் பேசவில்லை. ஆளை நினைத்துக்கொண்டு பொருளைத் தேடினாள். கடையில் கிண்ணம் கழுவும் புன்மிக்கு ஒரு கைப்பை. எதிர்வீட்டு ஆசிரியைக்குக் காற்றாடி போட்ட சங்கிலி. விகாரையின் பெரிய பிக்குவுக்கு மூட்டுவலித் தைலம். முனையில் நிற்கும் ஆட்டோக்காரனுக்குத் தொப்பி. அவன் மனைவிக்கும் ஒரு தொப்பி, இல்லாவிட்டால் அவன் தொப்பியை அவள் எடுத்துக்கொள்வாளாம். மயூரியைக் கடித்த நாயின் சொந்தக்காரிக்குக்கூட முட்டை ரொட்டி ஒரு டப்பா வாங்கினாள்.

"அவளுக்கு எதுக்குக்கா?" என்றாள் மயூரி.

"நாய் கடிச்சதுக்கு அவ என்ன பண்ணுவா?"

பிம்முக்கு அப்போதுதான் சுரீரென்றது. தான் நரோங்குக்கு எதுவும் வாங்கவில்லை. எந்த மனைவி இப்படிச் செய்வாள்? இது போதும் குட்டு உடைய. அவசரமாகப் பக்கத்துக் கடைக்குத் திரும்பி, தொங்கிக்கொண்டிருந்ததிலேயே நீளமான பெல்ட்டை உருவினாள். "அம்மா, இது அவருக்கு நல்லா இருக்கும்ல?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். மெல்ல நடந்து வந்து, பெல்ட்டைப் பிம்மின் கையிலிருந்து வாங்கினாள். சுருட்டி, இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

"வேண்டாம் கண்ணு."

"ஏம்மா?"

"வேண்டாம். காசு வீண்."

ஆட்டோக்காரன் மனைவிக்குத் தொப்பி வாங்கியவள் பேசுகிற பேச்சா இது? நாய்க்காரிக்கு ரொட்டி உண்டு, மருமகனுக்கு ஒன்றும் இல்லை. பிம்முக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவில் போகிறவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள்.

"மயூரி, எனக்குக் கால் வலிக்குது" என்றாள் அம்மா. "நானும் பிம்மும் அந்த முனைக்கடையில உட்கார்ந்து சாப்பிடறோம். நீ வாங்கிட்டு வா."

"நான் இல்லாம சாப்பிடப் போறீங்களா?"

"உனக்கும் சொல்லி வைக்கிறேன்."

மயூரிக்கு இன்னும் பாதித் தெரு பாக்கி இருந்தது. போய்விட்டாள்.

முனைக்கடையில் முன்பின் தெரியாதவர்களோடு மேஜையைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அவர்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. அம்மா சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி மீன் உருண்டை நூடுல்ஸ் கேட்டாள். எந்த ஊருக்குப் போனாலும் அவள் அதைத்தான் கேட்பாள். கிண்ணம் வந்தது. கைப்பையிலிருந்து மிளகாய் போட்ட மீன் சாறு பாட்டிலை எடுத்து நாலு சொட்டு விட்டாள். ஓர் உருண்டையைக் கடித்து மென்றாள்.

"மாவு" என்றாள்.

"அம்மா."

"மீனைக் கண்ணுல காட்டிட்டு மாவை உருட்டியிருக்கான்."

"அம்மா, அந்த பெல்ட்டை ஏன் வேண்டாம்னே?"

அம்மா கரண்டியை வைத்தாள்.

"சோங்கிரான் பண்டிகைக்கு நரோங் வந்தான்" என்றாள்.

"எங்க?"

"கடைக்கு. நீ வந்துட்டுப் போன மறுநாள். பண்டிகை நாள் பாரு, கிண்ணத்துல மல்லிகைப்பூ போட்டுத் தண்ணி கொண்டுவந்து என் கையில ஊத்தி மன்னிப்புக் கேட்டான். அவ்வளவு பெரிய உடம்பை மடக்கித் தரையில உட்கார்ந்தான். எழுந்திருக்கறதுக்கு நான்தான் கை குடுத்தேன். 'உங்க பொண்ணை சந்தோஷமா வெச்சுக்கத் தெரியலம்மா'ன்னு அழுதான். ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் போட்டுக் குடுத்தேன். சாப்பிட்டான். அழுதுக்கிட்டே சாப்பிட்டான்."

பிம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பலேர்ந்தே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏம்மா எங்கிட்ட கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன்" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவே. அவன் எப்படி இருக்கான்னு கேப்பேன். நல்லா இருக்காரும்மான்னு சொல்லுவே. போனை வெச்சதும் உன் சித்தி என் மூஞ்சியைப் பாத்துட்டு 'என்னக்கா'ம்பா. மிளகாய் பட்டுடுச்சுன்னு சொல்லுவேன். எத்தனை ஞாயித்துக்கிழமைதான் ஒருத்திக்குக் கண்ணுல மிளகாய் படும்?"

பிம் அழுதுவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த உள்ளூர்க் கிழவர் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அம்மா தன் கிண்ணத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிம்முக்குச் சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அம்மா அப்படித்தான் பிடிப்பாள்.

"உனக்குத் தலைகுனிவா இருக்கும்னுதாம்மா சொல்லல" என்றாள் பிம். "தெரு பூரா சொல்லி வெச்சிருக்கே. உன் சாமி..."

"சாமி என்னடி பண்ணுவார்? நான் கேட்டது புருஷன். அவர் குடுத்தார். கடைக்கு வந்து சூப்னு கேட்டா நான் சூப்தான் ஊத்துவேன். காரமா, புளிப்பா, கொத்தமல்லி ஆகுமா ஆகாதான்னு கேக்கறவங்கதான் சொல்லணும். உன் வீட்டு நம்பர் சொன்னேன், பிறந்த கிழமை சொன்னேன். நீ யாருன்னு நான் சொல்லவே இல்லையே."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி நன்றி சொல்ல வந்தே?"

"சொல்லாம? உனக்கு டெங்கு வந்தப்ப அந்தப் பையன் ராத்திரி பூரா முழிச்சுக் கஞ்சி வெச்சுக் குடுத்தான். அதுக்கு நாலு ஆரஞ்சுப் பழம் வைக்கக் கூடாதா? வந்தவன் நல்லவன். நிக்க முடியல, போயிட்டான். வந்ததுக்கு நன்றி சொல்லணும்ல."

பிம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியிருந்தது. அது இறங்கியதும்தான் மற்றது ஞாபகம் வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே ஏம்மா சட்டை கேட்டே?"

"அதுவா? எல்லா வழியும் பாத்தாச்சு, நீ வாயைத் திறக்கல. சட்டையைக் கேட்டா மாட்டிப்பே, சொல்லிடுவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா எங்கேயோ போய் ஒரு சட்டையைத் தேடிப் பிடிச்சுக் கொண்டுவந்து நிக்கறே." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "தாத்தா முன்னால அதைத் தூக்கிப் பாத்தேன் பாரு, சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஓடறாராம். டாக்டர் சொன்னாராம்."

"சும்மா இரும்மா."

"யாரோடது?"

"ஆபீஸ்ல ஒருத்தர். தன்வான்னு. கேட்டேன், குடுத்தாரு."

"எதுக்குன்னு கேட்டாரா?"

"கேக்கல."

"ஓ" என்றாள் அம்மா. ஒரு சின்ன 'ஓ'தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஒரு முழு உருண்டையை, மாவு என்று சொல்லாமல், சாப்பிட்டாள்.

பிம் குனிந்து மெல்லக் கேட்டாள். "அங்க என்னம்மா வேண்டிக்கிட்டே? குரலை எறக்கிட்டு ரொம்ப நேரம் பேசினியே."

"பொய் சொல்ல முடியுமா அவர்கிட்ட? இது நரோங் சட்டை இல்லன்னு சொன்னேன். நரோங்குக்கு ஒரு நல்ல வாழ்க்கை குடுங்க, அவன் கணக்கு எங்க வீட்டுல முடிஞ்சுதுன்னு சொன்னேன். இந்தச் சட்டைக்காரன் யாருன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எம் பொண்ணு தவிச்சு நின்னப்ப உடம்புல போடற துணியைக் குடுத்திருக்கான். அவன் நல்லா இருக்கட்டும்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இந்தத் தடவை நான் எதையும் கேக்கல."

"நூல் கட்டினியேம்மா. என் விரல்லயும் அந்தச் சட்டையிலயும்."

"கட்டினேன்."

"அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது. பாவம், சட்டையைக் குடுத்தாரு. அவரைக் கேக்காம இப்படி முடிச்சுப் போட்டுட்டியே. அவிழ்த்துடலாம்மா."

அம்மா கைப்பையைத் திறந்து சட்டையை எடுத்து மகளின் மடியில் வைத்தாள். பொத்தானில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. "நான் கட்டினதை நான் அவிழ்க்கக் கூடாது" என்றாள். "உனக்கு வேணும்னா நீ அவிழ்த்துக்கோ. ஒரு சின்ன முடிச்சு, நகத்தால தள்ளினா வந்துடும்."

பிம் முடிச்சின் மேல் நகத்தை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். எந்த நேரம் கையை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முடிச்சு அவிழவில்லை. காரணம் கேட்டிருந்தால், கடையில் இரைச்சலாக இருந்தது என்று சொல்லியிருப்பாள்.

"உன் சித்திகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதே" என்றாள் அம்மா. "ஊருக்குப் போய் நானே பக்குவமா சொல்லிக்கிறேன். அவளுக்குத் தெரிஞ்சா விமானத்துல மைக் வாங்கிச் சொல்லிடுவா."

வாயை மூடவில்லை, மயூரி வந்துவிட்டாள். இரண்டு கையிலும் பைகள், கழுத்தில் புதிதாக ஒரு காற்றாடிச் சங்கிலி. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, உள்ளூர்க் கிழவரின் பேப்பரைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டாள்.

"ஏன் ரெண்டு பேர் கண்ணும் செவந்திருக்கு?"

"மிளகாய்" என்றாள் அம்மா.

"மிளகாய்" என்றாள் பிம்மும்.

மயூரி அதற்கு மேல் கேட்கவில்லை. அவளிடம் சொல்ல வேறு செய்தி இருந்தது. கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். "காலையில போட்ட போட்டோவுக்கு எத்தனை லைக் பாரு. பிட்சனுலோக் அம்மாகூட பூ போட்டிருக்காங்க. பிம், உன் பேரையும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன். உன் ஆபீஸ் ஆளுங்க எல்லாம் பாத்திருப்பாங்க."

"எந்த போட்டோ சித்தி?"

"சட்டை போட்டோதான்."

பிம் வாங்கிப் பார்த்தாள். சந்திரா தாத்தாவின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. அவருக்குக் கீழே பிம், கை மேல் விரித்த நீலச் சட்டை, இரண்டையும் சேர்க்கும் சிவப்பு நூல். மேலே மயூரி தன் கையால் எழுதியிருந்தாள். 'மருமகன் வர முடியவில்லை. மருமகன் சட்டை வந்துவிட்டது. சந்திரா தாத்தா இந்த ஜோடியைக் காப்பாற்றட்டும்.'

பிம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சூப்பைப் பார்த்தாள்.

பிம் காலையிலிருந்து தன் கைப்பேசியைத் தொடவே இல்லை. இப்போது எடுத்தாள். அலுவலகத் தோழிகள் இரண்டு பேர் கேள்விக்குறியாக அனுப்பியிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே, இதுவரை வேலை விஷயம் தவிர எதுவும் எழுதியிராத ஒரு பெயர் இருந்தது. அதைத் திறந்தாள்.

'படம் பார்த்தேன். சட்டை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். உங்கள் சித்தி அதை மருமகன் சட்டை என்று எழுதியிருக்கிறார்கள். என் சட்டை என்று நான் யாரிடமும் திருத்தவில்லை. திருத்த வேண்டும் என்றால் சொல்லுங்கள்.'

பிம் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அந்தத் தாத்தாவின் கையில் இருப்பது என்ன நூல் என்று தெரியாத தாய்லாந்துக்காரர் உண்டா? தெரிந்துதான் எழுதியிருக்கிறார். காது மடல்கள் சூடேறுவது அவளுக்கே தெரிந்தது.

"யாருடி, நரோங்கா?" என்றாள் மயூரி, வாய் நிறைய நூடுல்ஸோடு. "நான் அவனுக்காகத் தனியா மூணு ஊதுவத்தி வெச்சேன்னு எழுது."

பிம் கைப்பேசியை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். இனி இவளிடம் எதையும் மறைப்பதில்லை என்று அவள் முடிவெடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாக, உதடு அசையப் படித்தாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றியபோது அவள் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது. நிறைய அன்பு இருந்தது.

"பதில் போடு கண்ணு" என்றாள். "என்ன வேணும்னாலும் எழுது. ஆமான்னு எழுது, இல்லன்னு எழுது, எனக்கே தெரியலன்னு எழுது. ஆனா உண்மையை எழுது, இன்னிக்கே எழுது. நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

பிம் எழுத ஆரம்பித்தாள். எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதி, அதையும் அழித்தாள். மயூரி எட்டிப் பார்த்தாள். அம்மா அவள் முகத்தைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிட்டாள். மூன்றாவது முறை பிம் எழுதியது ஒரே ஒரு வரிதான். அதை அவள் அம்மாவுக்குக்கூடக் காட்டாமல் அனுப்பினாள். மடியிலிருந்த சட்டையின் பொத்தானில் சிவப்பு முடிச்சு அப்படியே இருந்தது.